பூ விழுந்து முடியும்வரை

பிரதீபனுக்கு ஓரங்கள் பிடிக்கும். புறக்கோட்டை அச்சகத்தில் வேலை பார்த்த வருடங்களில் அவன் கைக்கு வந்ததெல்லாம் கல்யாணக் கார்டுகளின் ஓரங்கள்தான். மாவிலை, மயில், கும்பம், தங்கப்பூச்சு. நடுவில் வரும் எழுத்தை வேறு யாரோ கோர்ப்பார்கள். பெயரும் முகூர்த்தமும் சரியா என்று பார்ப்பது அவன் பொறுப்பல்ல. ஓரம் நன்றாக அமைந்துவிட்டால் முதலாளி கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்படி அவர் தூக்கிப் பார்ப்பதற்காகவே அவன் வேலை செய்தான்.

கொரோனா வந்ததும் அச்சகத்தை மூடினார்கள். அவன் ஊருக்குத் திரும்பினான். எஹலியகொடவில் இருந்து மேலே ஏறும் றப்பர் தோட்டம். அம்மா இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒருநாளும் அந்தக் கத்தியைத் தொட்டதில்லை. டவுனில் முக்தாரின் ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த அறையை எடுத்து ஒரு கொமினிகேஷன் போட்டான். போட்டோ பிரதி, போனுக்கு ரீலோட், அடையாள அட்டைக்குப் படம். ஆள் வராத நேரங்களில் யூடியூப் பார்த்து இணையப் பக்கம் செய்யப் பழகினான்.

அவனை அதில் இறக்கிவிட்டது ஒரு சாவு.

தோட்டத்தில் ஒருவர் செத்தால் மற்றத் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பிக் கேதம் சொல்வார்கள். போகிறவர் வாசலிலேயே நிற்பார். உட்கார மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். யார், எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த லயத்து வீட்டு வரிசைக்குப் போய்விடுவார். பயணத் தடை நாட்களில் ஆள் போக வழியில்லை. போன் செய்தால் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பிரதீபனோடு ஒன்றாகப் படித்த சந்திரபோஸ், றப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவன், டவுனுக்கு நடந்தே வந்தான். செத்தது அவனுடைய பெரியம்மா.

“டேய், படமும் நேரமும் மட்டும் போட்டு போன்ல அனுப்புற மாதிரி ஒன்னு செய்ய ஏலுமா?”

“நேரம் மட்டும் போதுமா?”

“பின்ன? பெரியம்மாவோட சரித்திரமா எழுதப்போற?”

அன்று அவன் செய்த பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அதன் கீழே பெயர், நாள், நேரம், இடம். அவ்வளவுதான். லிங்க் கைமாறிக் கைமாறி வரக்காப்பொல வரைக்கும் போயிற்று. வர முடியாதவர்கள் அந்த நேரத்தில் தங்கள் வீட்டில் விளக்கு ஏற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டான்.

பயணத் தடை போனபிறகும் பக்கம் நின்றுவிடவில்லை. மற்றத் தோட்டங்களிலிருந்தும் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவனுக்குத்தான் அது போதவில்லை. வெறும் வெள்ளையில் கறுப்பு எழுத்து அவன் கண்ணை உறுத்தியது. முதலில் ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்தான். பிறகு சுடர் அசைய வேண்டும் என்று தோன்றியது. சுடர் அசைந்ததும் பின்னால் ஒரு திரை தேவைப்பட்டது. திரை இரண்டு பக்கமும் மெல்ல விலகும். மேலிருந்து வெள்ளைப் பூக்கள் விழும். பூ விழுந்து முடியும்போது முகம் தெளியும். அதற்குப் பிறகு பெயர் ஒவ்வொரு எழுத்தாக வரும். நேரமும் இடமும் அதற்கும் கீழே. பின்னணியில் புல்லாங்குழல்.

முதல் தடவை அதைக் காட்டியபோது முக்தார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்ன தம்பி இது? மௌத்து ஊடா, கலியாண ஊடா?”

“ஒரு மரியாதைக்குத்தான் நானா.”

“எங்கட பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொல்றத கேட்டீக்கிறியா? இன்னாரு மௌத்து, இந்த ஊடு, அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். முடிஞ்சி. ஒனக்குத் திரையும் வேணும், குழலும் வேணும்.”

“உங்களுக்கு ரசனை இல்ல நானா.”

“ரசன ஈக்கி. அத நான் மையத்து ஊட்டுக்குக் கொண்டு போறல்ல.”

பிரதீபன் சிரித்தான். அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் பார்த்து மூன்று பேர் போன் செய்து பாராட்டியிருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். யாரோ தன் வேலையை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல அவனுக்கு இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டங்களில் கேதம் சொல்ல ஆள் போவது நின்றுபோயிற்று. அப்புறம் போன் செய்வதும் குறைந்தது. ‘லிங்க் போட்டாச்சி’ என்றால் சொல்லியாகிவிட்டது என்று பொருள். அனுப்பினவனுக்குக் கடமை முடிந்தது. வந்ததா, திறந்ததா, படித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. பிரதீபனும் கேட்டதில்லை. அவன் பக்கங்களைத் தன் கடைக் கணினியில்தான் பார்ப்பான். அங்கே கம்பி இணைப்பு. எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும்.

சந்திரபோஸின் அப்பா ஐயாவு மழைக்காலத்தில் இறந்தார். தோட்டத்தில் காவல் காக்கும் வாச்சராக இருந்தவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் போஸ். இளையவள் விஜயகலா, கட்டுநாயக்கவில் கார்மென்ட்டில் வேலை, அங்கேயே போர்டிங்கில் இருந்தாள். தீபாவளிக்கு வந்து போனதுதான். அப்பா படுக்கையில் விழுந்ததும் இரண்டு முறை லீவு கேட்டாள். ஓடர் முடியட்டும் என்றார்கள்.

சாயங்காலம் போஸ் போனில் சொன்னபோது அவள் அழவில்லை.

“அண்ணே, நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிறாதீங்க. மொகத்த பாக்கணும்.”

“மூடமாட்டோம். நாளைக்கித்தான் எடுக்கிறது. நேரத்த லிங்க்ல போடச் சொல்றேன், பாத்துக்க.”

அந்த நேரத்தில் கட்டுநாயக்கவில் இருந்து அவள் கிளம்ப பஸ் இல்லை. பிரதீபன் பக்கத்தைச் செய்தான். மாலை நான்கு மணி என்று போட்டான். ஐயாவுவின் அடையாள அட்டைப் படத்தைத் துப்புரவாக்கி, கன்னத்துச் சுருக்கங்கள் தெரியும்படி வெளிச்சம் ஏற்றியிருந்தான். விளக்குச் சுடரின் நிறம் அந்த முகத்தில் விழுவது போல ஒரு வேலை செய்தான். இதுவரை அவன் செய்ததில் அதுதான் சிறந்தது. விஜயகலா போர்டிங்கில் இருந்த வைஃபையில் அதைத் திறந்து பார்த்தாள். முழுவதும் பார்த்தாள். நான்கு மணி.

விடிந்தபோது தோட்டத்தில் கரண்ட் இல்லை. இரவெல்லாம் பெய்திருந்தது. மையானத்துக்குப் போகும் பாதைக்கு மேலே மண் வெடித்துச் சரியும் நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். கிராமசேவகர் வந்து பார்த்தார். மதியத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரையும் விடமுடியாது, எடுப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் எடுங்கள் என்றார். போஸின் போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. த்ரீவீல்காரனின் போனை வாங்கி பிரதீபனைக் கூப்பிட்டான்.

“நேரத்த மாத்திரு. பதினோரு மணி. எல்லாருக்கும் தெரிய வை. தங்கச்சி கெளம்பியிருப்பா.”

“நான் பாத்துக்கிறேன். நீ அங்க உள்ள வேலயப் பாரு.”

விஜயகலாவின் நம்பர் பிரதீபனின் போனில் இருந்தது. மாதாமாதம் அவளுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கிறவன் அவன்தான். அந்த நம்பர் அப்போது அவன் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. பக்கத்தை மாற்றிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தான்.

நேரத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. நான்கை அழித்துப் பதினொன்று என்று எழுதினான். பார்த்தான். சின்னதாகத் தெரிந்தது. பழைய நேரத்தைப் பார்த்தவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தான். ஒரு சிவப்பு நாடா போட்டால் என்ன. பூ விழுந்து முடிந்ததும் வலப்பக்கத்தில் இருந்து நாடா வந்து குறுக்கே நிற்க வேண்டும், அதன்மேல் எழுத்து மினுக்க வேண்டும். நாடா வந்தது. ஆனால் முகத்தை மறைத்தது. கீழே இறக்கினான். சிவப்பு அதிகமாகத் தெரிந்தது, துக்கத்துக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம் கருமை சேர்த்தான். மினுக்குவது வேகமாக இருந்தது, அதைக் குறைத்தான். சரியாக வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை தாண்டியிருந்தது. லிங்கை மறுபடி எல்லோருக்கும் அனுப்பினான். பெட்டி எடுப்பதற்குள் போய்ச்சேர வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு ஓடினான். கூப்பிட நினைத்தது ஓட்டத்தில் விட்டுப்போயிற்று.

அவன் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே விஜயகலா அவிசாவளையில் இறங்கியிருந்தாள். கார்மென்ட் வாசலில் லீவுக்குக் கையெழுத்து வாங்க நேரம் போயிருந்தது. ஆனாலும் நான்கு மணிக்கு இன்னும் நிறைய இருந்தது. அப்பாவுக்குப் போர்த்த மகள் கொண்டுபோகும் கோடி வேட்டி நல்லதாக இருக்க வேண்டும். கடைக்குள் போய் வேட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கரை அகலமாக உள்ளது அப்பாவுக்குப் பிடிக்காது. சின்னக் கரை போட்டது ஒன்று எடுத்தாள். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். போன் ஒலித்தது. லிங்க். அழுத்தினாள். விளக்கு வந்தது. சுடர் பாதியில் நின்றது. மலைப்பக்கம் திரும்பும் இடங்களில் அப்படித்தான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அழுத்தினாள். திரை கொஞ்சம் விலகி, அப்படியே நின்றது. நேற்றுப் பார்த்த பக்கம்தானே என்று நினைத்தாள். இன்னொரு முறையும் அழுத்தினாள். அது செய்திக்காக அல்ல. முகம் வருமா என்று பார்க்கத்தான். வரவில்லை. போனைப் பைக்குள் வைத்தாள்.

லயத்து முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பெட்டி அதன் கீழே இருந்தது. போஸ் பிரதீபனைக் கண்டதும் கேட்டான்.

“தங்கச்சி எங்க வாறாளாம்?”

“லிங்க் போட்டிருக்கேன். பாத்திருப்பா.”

“பேசினியா?”

“பாத்திருப்பாடா. செவப்புல போட்டிருக்கேன். பாக்காம இருக்க முடியாது.”

போஸ் த்ரீவீல்காரனின் போனை வாங்கி நம்பரை நினைவிலிருந்து அழுத்தினான். ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்றது. மறுபடி அழுத்தினான். கிராமசேவகர் குடையோடு பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிங்களவர், இந்த லயத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்.

“போஸ், இக்மன் கரமு,” என்றார். சீக்கிரம் செய்வோம். அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

“கொஞ்சம் பாப்பம் சேர். தங்கச்சி வருது.”

பார்த்தார்கள். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை ஒருவன் கம்பால் குத்திக் கொட்டினான். ஒரு பெண் ஐயாவுவின் முகத்தில் தெறித்ததைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். போஸ் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினான். மூன்றாவது வண்டியும் நிற்காமல் போனதும் கிராமசேவகர் கடிகாரத்தைப் பார்த்தார். போஸே பெட்டியின் தலைமாட்டுக்குப் போனான். மூடியைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். நான்காவது கை பிரதீபனுடையது.

அவர்கள் மையானத்தில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது விஜயகலா லயத்துக்கு வந்து சேர்ந்தாள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் கோடிப் பொட்டலம் நனையாமல் பொலித்தீனுக்குள் இருந்தது.

“நாலு மணின்னுதானே போட்டிருந்திச்சி?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

“மாத்திட்டாங்க புள்ள. லிங்க் வரலயா?”

“வந்திச்சி. தெறக்கல.”

மையானத்துக்குப் பெண்கள் போவதில்லை. போவதென்றாலும் இப்போது பாதையை மூடிவிட்டார்கள். அவள் பொட்டலத்தைப் பிரித்து வேட்டியை எடுத்தாள். பெட்டி இருந்த இடத்தில், ஈரத் தரையில், அதை விரித்தாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்றுக் காலோடு வாசலில் நின்ற பிரதீபனை அவள் பார்க்கவில்லை. அவனும் தார்ப்பாய்க்குக் கீழே வரவில்லை.

வீட்டில் ஷாமிளா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவனுடைய மனைவி. துவாயோடு வந்து கேட்டாள்.

“அவ நம்பர் உங்ககிட்ட இருந்திச்சிதானே?”

“பக்கத்துல போட்டிருந்தேன்.”

“பக்கத்தயா கேட்டேன்?”

அவன் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினான். அவள் துவாயை வைத்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து மழை விட்டதும் அவிசாவளை பஸ்ஸில் ஏறினான். வழி நெடுகத் தன் போனில் தன் பக்கங்களைத் திறந்து பார்த்தான். கடைக்கு வெளியே அவற்றைத் திறப்பது அதுதான் முதல் தடவை. விளக்கு வந்தது. எரிந்தது. ஒரு பாலத்தைத் தாண்டும்வரை எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருங்க தம்பி?” என்று கேட்டார். எந்தப் பக்கத்தைத் திறந்தோம் என்பது அவனுக்கே மறந்திருந்தது. திரையில் இருந்தது விளக்கு மட்டும்தான். அது யாருடையதாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு செய்த பக்கங்களில் திரையும் பூவும் இல்லை. பெயர், நேரம், இடம், ஒரு போன் நம்பர், சின்னதாக ஒரு படம். எம்பிலிப்பிட்டியவில் இருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“தம்பி, எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் பூ போடல?”

“நேரம் மொதல்ல தெரியணும்ங்க.”

“நேரத்த நாங்க சொல்லிக்கிறோம். நீங்க பூவப் போடுங்க.”

“போன்ல தெறக்காதுங்க ஐயா.”

“தெறந்தா பாக்கட்டும், தெறக்காட்டி போகட்டும். இது என்னங்க, கரண்ட் வெட்டுறதுக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரி?”

அவர் இரத்தினபுரியில் வேறொருவனிடம் போனார். அங்கே பூவோடு புறாவும் பறந்தது. இன்னும் சிலர் போனார்கள். போகிறவர்களிடம் விளக்கிச் சொல்ல பிரதீபன் முயன்றதில்லை. சொல்வதென்றால் ஐயாவுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினான். ஐயாவுவின் பக்கத்தை மட்டும் தொடவில்லை. அதைத் திறந்தால் நாடா வந்து நிற்கும், மினுக்கும். அந்த மினுக்கும் வேகத்தை எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு குறைத்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு விஜயகலா வந்திருந்தாள். அதற்குப் பிரதீபன் போகவில்லை, ஷாமிளா போய்வந்தாள். மறுநாள் திரும்பும் வழியில் விஜயகலாவே கடைக்கு வந்தாள். அவன் எழுந்து நின்றான். சொல்ல வேண்டியதை இந்த ஒரு மாதத்தில் பல தடவை மனதுக்குள் ஒழுங்கு செய்திருந்தான்.

“ஒரு சின்ன வேலண்ணே,” என்றாள் அவள் முந்திக்கொண்டு. போனை நீட்டினாள். “அப்பா மொகம் கடைசியா வருது. போர்டிங்ல வைஃபைய நிப்பாட்டிட்டாங்க. வேலக்கிப் போக முந்தி தெறந்தா வெளக்கே எரிஞ்சிக்கிட்டு இருக்கு. மொகம் மொதல்ல வர்ற மாதிரி செய்ய ஏலுமா?”

“இரு. இப்பவே செய்றேன்.”

அவள் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். பிரதீபன் புல்லாங்குழலை எடுத்தான். பூவை எடுத்தான். திரை, விளக்கு, நாடா எல்லாவற்றையும் எடுத்தான். படத்தின் கனத்தைக் குறைத்தான். குறைத்தால் கன்னத்துச் சுருக்கங்கள் கொஞ்சம் மங்கும். மங்கட்டும் என்று விட்டான். முகம் மேலே வந்தது. அதற்குக் கீழே பெயர். ஒரு மாதமாக எல்லாப் பக்கங்களுக்கும் செய்து செய்து பழகிய கை, பெயருக்கு அடுத்த வரியையும் தன் இடத்தில் வைத்துவிட்டது. சேமித்தான்.

“பாரு.”

அவள் அழுத்தினாள். பக்கம் உடனே திறந்தது. ஐயாவு இருந்தார். அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கிட்டே கொண்டுவந்தாள். அவளுடைய பெருவிரல் திரையைச் சற்று மேலே தள்ளியது. அங்கே நின்றது.

அடக்கம்: முற்பகல் 11 மணி. மேல் டிவிசன் மையானம்.

அவள் எதைப் படிக்கிறாள் என்பது பிரதீபனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இப்ப ஒடனே தெரியுதுண்ணே,” என்றாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை. வேலை சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“அந்த வரிய எடுத்துர்றேன்.”

“வேணாம். இருக்கட்டும்.”

“விஜயா, அன்னைக்கி நான்…”

“பஸ் வந்திரும்ணே,” என்றாள்.

அவள் எழுந்து போனைப் பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்தாள். முக்தாரின் கடை வழியாக ரோட்டுக்கு இறங்கினாள். கொழும்பு பஸ் வந்து நின்றது. பின் கதவால் ஏறினாள். பிரதீபன் கடைவாசல் வரைக்கும் வந்து நின்றான். பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை அவள் குனிந்த தலை கண்ணாடிக்குள் தெரிந்தது. போனை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.